கம்பெனி வக்கீலின் கையைக் கட்டும் விதி 49

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். வக்கீலாகக் கோர்ட் படி ஏறியும் அதே 14 வருடம் ஆகிறது. முழுநேரச் சம்பளத்துக்குப் போகிற வக்கீல் அதை பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும்வரை தொழில் செய்யக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் விதி 49. நானும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஆபீஸில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒரு கவரை நீட்டினார். தங்கை மகன் வாங்கிய வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவன் தவணை கட்டவில்லை, கடன் கொடுத்த இடத்திலிருந்து இங்கிலீஷில் நாலு பக்க நோட்டீஸ். "போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா சார்?" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. படித்துப் பார்த்தால் போலீஸுக்கு அதில் வேலையே கிடையாது. அது ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ், அதாவது கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவரை வைத்துத் தகராறைத் தீர்ப்பதற்கானது, தீர்ப்பு சொல்லப்போகும் நடுவரையும் கடன் கொடுத்தவர்களே பார்த்துப் போட்டிருந்தார்கள். ஜாமீன் போட்டதற்கான பொறுப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் வழக்கில் ஆதாயம் உள்ள ஒரு தரப்பு தானாகவே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது. இது எனக்கு உடனே பிடிபட்டதற்குக் காரணம், அதே மாதிரி ஷரத்துகளை எங்கள் நிறுவனத்துக்காக வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவன் நான்!

அரை மணி நேரத்தில் ஓர் ஆட்சேபக் கடிதம் தயார் செய்து கொடுத்தேன், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்கள் பற்றி சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன வழக்கில், கோர்ட்டில் வாதாடுவது மட்டும் வக்கீல் தொழில் அல்ல, யோசனை சொல்வதும் எழுதிக் கொடுப்பதும் அதில் சேரும் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. அப்படியானால் நான் அந்த அக்காவுக்குச் செய்தது என்ன? காசு வாங்கவில்லை என்பது போதுமான பதிலா?

சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி உண்டு, ஆணைக்குழுவின் 15100 என்ற உதவித் தொலைபேசி எண்ணையும் அக்காவுக்குக் கொடுத்தேன். ஆனால் அங்கே போய்வர அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். இங்கேயோ அவர் தினமும் பெருக்கும் அதே மாடியில், ஒப்பந்தம் படிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

நியூயார்க்கிலும் இந்தச் சிக்கல் இருந்தது. வேறு மாநிலத்தில் பதிவு செய்துவிட்டு அங்கே கம்பெனி வேலைக்கு வந்த வக்கீல், தன் கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்றிருந்தார்கள். 2013 டிசம்பரில் இலவச உதவிக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டார்கள். நம் பார் கவுன்சிலும் விதி 49-இல் அந்த அளவுக்கு ஒரு விலக்கு கொடுத்தால் என்ன? ஆணைக்குழு அனுப்பும் ஆட்களுக்கு மட்டும், ஒரு பைசா வாங்காமல். வங்கியில் வேலை பார்ப்பவர் வங்கிக் கடன்காரருக்கு ஆஜராகக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் தாராளமாக இருக்கட்டும். ஜாமீன் மனு, ரிமாண்ட் இதெல்லாம் எங்களில் பலருக்கு மறந்தே போயிருக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன், அதற்குப் பயிற்சி கொடுங்கள். எங்கள் பிழைப்பில் கை வைக்கிறார்கள் என்று கோர்ட் வக்கீல் நண்பர்கள் கோபப்படலாம். அந்த அக்கா எந்த வக்கீல் ஆபீஸ் படியும் ஏறியிருக்க மாட்டார், அவரால் யாருக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் ஒரு வேண்டுகோள். கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். விதி 49 இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு கம்பெனி வக்கீல்,
சென்னை