நூலாக வந்த தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. காலையில் சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாகத்தான் வந்தது, வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிட்டது என்று நேற்றுப் போனில் சொன்னாய். சொன்ன கையோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. பைப்புக்குள் பனிக்கட்டி கட்டத் தொடங்கி, முழுதாக அடைபடுவதற்குள் வெயில் வந்து காப்பாற்றியிருக்கிறது, கண்ணு. அடுத்த முறை வெயில் தாமதமாகலாம். கட்டடப் பராமரிப்பு வேலையிலேயே தலை நரைத்தவள் நான். இதைப் போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறாய். அதனால் பனிக்கட்டி பைப்பின் சுவரை நெருக்கிப் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குளிர் அதிகம் படும் இடத்தில் கட்டி உருவாகிப் பைப்பை அடைக்கிறது. பிறகு நீளவாக்கில் வளர்கிறது. மெயின் லைன் பக்கம் தள்ளப்படும் தண்ணீர் வந்த வழியே பின்வாங்கிக்கொள்ளும். வீட்டுப் பக்கம் உள்ள தண்ணீருக்குத்தான் போக்கிடம் இல்லை. ஒரு முனையில் பனிக்கட்டி, மறுமுனையில் நீ இறுக மூடிவிட்டுத் தூங்கப்போன குழாய். தண்ணீரை எளிதில் அமுக்க முடியாது. அழுத்தத்தை அளக்கும் அலகுக்குப் 'பார்' என்று பெயர். சாதாரணமாக 3, 4 பார் இருக்கும் பைப்பில் அழுத்தம் 100 பாரையும் தாண்டி ஏறும். எந்த இடம் பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும்.

நீ சிறுமியாக இருந்தபோது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு செம்புத் துண்டு வைத்திருந்தேனே, நினைவிருக்கிறதா? நீ அதற்குள் விரலை விட்டு விளையாடுவாய். நடுவில் வயிறு புடைத்திருக்கும். புடைத்த இடத்தில் நீளவாக்கில் பிளந்து, பிளவின் இரண்டு ஓரமும் வெளிப்பக்கமாக மடங்கியிருக்கும். அது உறைந்த இடத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு இல்லை. அங்கிருந்து தள்ளி, சுவருக்குள் வெதுவெதுப்பாக இருந்த பகுதியில் விழுந்த பிளவு. இன்னொன்று: உறைந்திருக்கும்வரை பெரும்பாலும் ஒரு சொட்டுகூட ஒழுகாது. பனிக்கட்டியே அடைப்பாக நிற்கிறதல்லவா? குளிர் விட்டு, கட்டி உருகிய பிறகுதான் வீடு வெள்ளக்காடாகும். "நேற்றைய குளிரைத் தாண்டிவிட்டோம்" என்று எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போயிருக்கும் நேரம் அது.

எத்தனை டிகிரியில் கவலைப்பட வேண்டும் என்று கேட்பாய். வெளியே பூஜ்யம் வந்ததுமே பைப்புக்குள் உறைந்துவிடாது. பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி வரை தண்ணீராகவே இருந்து, பிறகு சட்டென்று படிகங்கள் ஊசி ஊசியாகக் கிளைத்துப் பரவும். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆராய்ச்சிக் குழு 1990களில் வெப்பம் காக்கும் உறை போடாத பைப்புகளைக் கூரைக்கு அடியில் உள்ள பரணில் ஓடவிட்டுச் சோதித்தது. வெளியே மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் ஆகும்போது எச்சரிக்கையாக வேண்டும் என்பது அவர்கள் கண்டது. அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள், ஆனால் அதை நம்பித் தூங்கிவிடாதே. சுவரில் ஒரு விரல் அளவு துளை இருந்து, அதன் வழியாகக் காற்று நேராகப் பைப் மேல் வீசினால் அந்தக் கணக்கு செல்லாது.

மாப்பிள்ளை பைப்புக்கெல்லாம் நுரை உறை மாட்டிவிட்டார், இனிக் கவலையில்லை என்று சொன்னாராம். மாட்டியது நல்லது. ஆனால் உறை சூட்டை உண்டாக்காது. இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கல்லுக்குக் கம்பளி போர்த்தினால் கல்லுக்குக் குளிர் விட்டுவிடுமா? தண்ணீர் ஓடாமல் நிற்கும் பைப்பில், ஒரு நீண்ட இரவின் கடுங்குளிரில், உறைக்குள்ளும் உறையும். அதோடு, நேரான பகுதியில் அழகாக மாட்டிவிட்டு பைப் வளையும் எல்போவிலும், தண்ணீரை நிறுத்தும் வால்விலும் இடைவெளி விட்டிருப்பார்கள். குளிர் புகுவது அங்கேதான். அந்த இடங்களையும் மூடி டேப் சுற்றச் சொல். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

சுவருக்குள் ஓடும் பைப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதில்தான் பழகிய கைகளும் தவறுகின்றன. வெளிச்சுவருக்குள் பைப் போனால், வெப்பக் காப்புப் பஞ்சு பைப்புக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். பைப்புக்கும் அறைக்கும் நடுவில் அடைத்தால், அறையின் சூடு பைப்பை எட்டாமல் நாமே தடுத்துவிடுகிறோம். பைப் குளிரோடு தனியாக நிற்கும். உன் சமையலறைச் சிங்க் இருப்பது வெளிச்சுவரில். அடுத்த முறை அந்தச் சுவரைப் பிரிக்க நேர்ந்தால் பஞ்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். அதுவரை, சிங்க்குக்குக் கீழே பைப்பும் ஒயரும் நுழையும் துளைகளைச் சுற்றிக் கையை வைத்துப் பார். ஜில்லென்று காற்று பட்டால் அன்றே அடைத்துவிடு. செலவில்லாத வேலை, பலன் பெரிது.

குளிர் பழகிய ஊர்களைவிட, எப்போதாவது மட்டும் குளிர் வரும் ஊர்களில்தான் இந்தச் சேதம் கடுமையாக இருக்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்ததைப் படித்திருப்பாய். குளிரோடு மின்சாரமும் போயிற்று. வீடுகளில் சூடு நின்றது. பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடிய பைப்புகள் ஊர் ஊராக வெடித்தன. வெயிலை நினைத்துக் கட்டிய வீடுகள் அவை. உன் வீட்டைக் கட்டியவர் எதை நினைத்துக் கட்டினாரோ தெரியாது.

இனி, குளிர் இரவில் செய்ய வேண்டியது. குழாயைச் சற்றுத் திறந்து வை. எல்லாக் குழாயையும் திறக்க வேண்டாம். மெயினிலிருந்து தள்ளி, வெளிச்சுவர் வழியாகப் போகும் பைப்பின் கடைசியில் இருக்கும் குழாய் போதும். உனக்கு அது சமையலறை. வெந்நீர் லைனும் உறையும் என்பதால், சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் கைப்பிடியை வைத்து இரண்டிலிருந்தும் மெல்லிய நூலாக வரச் செய். ஓடும் தண்ணீர் கொஞ்சம் சூட்டைக் கொண்டுவரும் என்பது உண்மை. அதைவிட முக்கியம், கட்டி கட்டினாலும் இந்தப் பக்கம் அழுத்தம் ஏற இடமிருக்காது. ஆகவே, நடுராத்திரியில் சொட்டுவது நின்றுவிட்டது என்று பார்த்தால் "தண்ணீர்தான் வரவில்லையே" என்று குழாயை மூடிவிடாதே. அப்போதுதான் அது திறந்திருக்க வேண்டும்.

சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளை இரவில் திறந்து வை, அறைச் சூடு உள்ளே போகட்டும். அங்கே இருக்கும் சோப்புத் திரவம், ஆசிட் எல்லாவற்றையும் முதலில் மேலே எடுத்து வைத்துவிடு. சின்னவனின் கைக்கு எட்டாத இடம் என்று எதுவும் இல்லை. அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை இரவில் குறைக்கும் பழக்கத்தைக் கடுங்குளிர் நாட்களில் மட்டுமாவது விட்டுவிடு. மிச்சப்படும் காசு ஒரு பைப் பழுதுக்குக் காணாது. வீட்டுக்கு வெளியே உள்ள குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி வை. உறையாத வகைக் குழாய் என்று வாங்கியிருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். அந்த வகையில் வால்வு சுவருக்கு உள்பக்கம் இருக்கும், மூடியதும் மீதித் தண்ணீர் வெளியே வடிய வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் அது வடியாமல் உள்ளேயே நின்று உறையும்.

பைப் மேல் சுற்றிச் செருகும் சூடேற்றும் மின் கேபிள் வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். வீட்டுத் தரைக்கு அடியில் உள்ள இடைவெளியில் ஓடும் பைப்புக்கு வாங்கலாம். குளிருக்கு ஏற்பத் தானே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண வகையை ஒன்றன்மேல் ஒன்று படும்படி சுற்றினால் அந்த இடம் கருகித் தீப்பிடிக்கலாம். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள பிளக்கில்தான் செருக வேண்டும். மின்சாரம் போனால் கேபிளும் போயிற்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளாஸ்டிக் பைப் வெடிக்காது என்ற பேச்சையும் நம்பாதே. பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் விரிந்துகொடுக்கும், உண்மைதான். அதன் நடுவே உள்ள பித்தளை ஜாயிண்டும் வால்வும் விரிந்துகொடுக்காது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் காலையில் தண்ணீர் வரவே இல்லை என்றால், ஒரு குழாயில் மட்டுமா வீடு முழுவதுமா என்று பார். ஒன்றில் மட்டும் என்றால் அந்த லைனில் எங்கோ கட்டி நிற்கிறது. வெளியே தெரியும் பகுதியைத் தடவிக்கொண்டே போ. மேலே வெண்பனி படர்ந்திருக்கலாம், புடைத்திருக்கலாம். பிளவு கண்ணில் பட்டால் மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் மறுவேலை. பிளவு இல்லையென்றால் குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கட்டியை நோக்கி முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடு காட்டு. நடுவில் ஆரம்பித்தால் உருகிய தண்ணீரும் ஆவியும் வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்ளும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினாலும் போதும். நெருப்பு மட்டும் கூடாது. கேஸ் டார்ச்சால் பைப்பைச் சூடேற்றப் போய் சுவருக்குள் தீப்பிடித்த கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். தரை ஈரமாக இருந்தால் மின்கருவியைத் தொடவே தொடாதே. கட்டி சுவருக்குள் இருந்தால் அறையைச் சூடாக்கிவிட்டுக் காத்திரு, அல்லது பிளம்பரைக் கூப்பிடு.

விடுமுறைக்கு வெளியூர் போவதாகச் சொன்னாய். சூட்டை அணைத்துவிட்டுப் போகாதே. 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் வைத்து, மெயினை மூடி, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுப் போ. மாதக்கணக்கில் பூட்டுவதாக இருந்தால் கதை வேறு. முதலில் கீசரின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தண்ணீர் வடிந்த தொட்டியில் மின்சாரம் ஓடினால் சூடேற்றும் கம்பி கருகிவிடும். பிறகு மெயினை மூடி, வீட்டிலேயே உயரத்தில் உள்ள குழாயையும் தாழ்ந்த குழாயையும் திறந்து எல்லாவற்றையும் வடிக்க வேண்டும். சிங்க்குக்கும் கழிப்பறைக்கும் கீழே வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர் இருக்கிறதே, அதற்கு புரோபிலீன் கிளைக்கால் சேர்ந்த உறைதடுப்புத் திரவத்தை ஊற்ற வேண்டும். காரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். வீட்டுப் பைப்புக்கு அது ஆகாது.

அலுவலகக் கட்டடத்தின் பொறுப்பும் இப்போது உன் தலையில் விழுந்திருக்கிறது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வார இறுதியில் ஆளில்லை என்று சூட்டை நிறுத்தும் வழக்கம் இருந்தால், முதல் வேலையாக அதை மாற்று. ஆளில்லாத நாளில் வெடித்தால் பார்க்கவும் ஆளில்லை. அடுத்தது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர். அந்தப் பைப்பில் தண்ணீர் எப்போதும் அசையாமல் நிற்கும், அதைச் சொட்டவிடவும் முடியாது. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் அந்தப் பைப் ஓடும் இடம் 4 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்கின்றன. மாடிப்படிக் கூடம், வாசல் முகப்பு, தொங்கு கூரைக்கு மேலுள்ள இடைவெளி ஆகிய மூன்றிலும் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை, அதனால் குளிர்வது யாருக்கும் தெரிவதில்லை. அங்கே ஒரு வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல். உறையும் என்று பயந்து ஸ்பிரிங்ளர் வால்வை நீயாக மூடிவிடாதே. தீப்பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவள் நீதான். பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கூப்பிடு.

கடைசியாக, உன் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது? இன்று மாலையே தேடிக் கண்டுபிடித்து, ஒரு முறை மூடித் திறந்து பார். கால் சுற்றில் மூடும் நீளமான கைப்பிடி என்றால் அது பால் வால்வு (உள்ளே பந்து இருக்கும் வகை), நல்லது. பல சுற்றுச் சுற்றும் வட்டக் கைப்பிடி என்றால் கேட் வால்வு. பல ஆண்டுகள் தொடாமல் விட்டது துருப்பிடித்து நடுவில் நின்றுவிடும். பலம் கொண்டு திருகினால் தண்டு முறிந்துபோகும். அசையவில்லை என்றால் விட்டுவிட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பிளம்பரிடம் என்ன மாற்றச் சொல்ல வேண்டும் என்று எழுதித் தருகிறேன். மாப்பிள்ளைக்கும் வால்வு இருக்கும் இடத்தைக் காட்டி வை.

அன்புடன்,
அம்மா