பக்கவாதத்திலிருந்து மீள்வோரும் குடும்பத்தாரும் கூடும் நம் கடலூர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

வழக்கமாகக் கூட்டங்களின் கணக்கோடு தொடங்குவேன். இந்த ஆண்டு அதற்கு மனம் வரவில்லை. நம் உறுப்பினர்களில் இருவருக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்தது. ஒருவர் நம்மை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் கோலை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தவர். இப்போது மறுபடி படுக்கையில் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் போனேன். இரண்டு வீட்டிலும் கேட்டது ஒரே பேச்சு: “நல்லாத்தானே இருக்காருன்னு மாத்திரையை விட்டுட்டோம்.”

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கை கால் திரும்பிவிட்டது, பிரஷரும் 130க்குள் இருக்கிறது, அப்புறம் எதற்கு மாத்திரை என்று யாருக்கும் தோன்றும். பிரஷர் அந்த அளவில் நிற்பதே மாத்திரையால்தான். பக்கவாதத்தில் நூற்றுக்கு 85 அளவுக்கு ரத்தக்குழாய் அடைப்பால் வருபவை. மற்றவை குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. அடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்றோ இரண்டோ எனப் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை. அதை ஒரு நாள்கூட விடக்கூடாது. பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஏற்கெனவே ஒரு முறை வந்து மீண்டவர். அந்த ஒருவராக நம்மில் யாரும் ஆகக்கூடாது என்பதுதான் இந்த ஆண்டு என் கவலையெல்லாம்.

பணம் இல்லாததால் மாத்திரையை விட்டவர்களும் இருந்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. பெயர் பதியாமல் இருந்தவர்களுக்குப் பதிந்து கொடுத்தோம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் நம் உறுப்பினர்கள் சிலரின் வீட்டுக்குள்ளும் புகுந்தது. மளிகை, துணிமணியோடு மாத்திரையும் சீட்டும் போயின. முகாமில் இருந்த ஒரு அம்மாவிடம் என்ன மாத்திரை என்று கேட்டால், “காலையில வெள்ளை, ராத்திரி சின்ன ரோஸ்” என்கிறார். அதை வைத்து யார் என்ன கொடுப்பது? இப்போது எல்லோருடைய மருந்துச் சீட்டையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன் பதினைந்து நாள் மாத்திரையை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பரண் மேல் வைத்துவிடுங்கள்.

மனம் நிறைந்த ஒரு செய்தியும் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில், காலை ஆறரை மணிக்கு அவர் கையிலிருந்த காபி டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தார், விரல் மடங்கவில்லை. பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. “ஒண்ணுமில்லம்மா, பித்தம்” என்று குளிக்கக் கிளம்பினார். மருமகள் விடவில்லை. நம் கூட்டத்துக்கு ஒரே ஒரு முறை வந்திருந்த பெண் அவர். “மாமா, அப்படியே உட்காருங்க” என்று சொல்லிவிட்டு 108க்குப் போன் செய்தார். காலண்டர் தாளைக் கிழித்து அதில் 6.30 என்று எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தானாகச் சரியாகிவிடும் இந்தச் சின்ன அடைப்புக்குப் பிறகு முதல் இரண்டு நாள்தான் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். அவருக்கு அன்றே ஸ்கேன் எடுத்து மருந்து தொடங்கினார்கள். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நேரத்தை எழுதி வைத்தது ஏன் பெரிய விஷயம் என்று கேட்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். என் வீட்டம்மாவுக்கு வாய் கோணியபோது எங்களுக்கு இது தெரியாது. காற்று அடித்திருக்கிறது என்றார்கள். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று ஒருவர் கூட்டிப்போனார். ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஏழு மணி நேரம் ஓடிவிட்டது. அந்த ஏழு மணி நேரத்துக்காகத்தான் நான் இந்தச் சங்கத்தில் இருக்கிறேன். முகம் கோணினால், கை தாழ்ந்தால், பேச்சு குழறினால், திடீரென்று பார்வை மங்கினாலோ நடை தள்ளாடினாலோ வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், புரையேறும். நீங்களாக ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

என் வீட்டம்மாவுக்குப் பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை. காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் சிலர் கத்துகிறார்கள். அவருக்குக் காதும் நன்றாகக் கேட்கிறது, புத்தியும் தெளிவாக இருக்கிறது. சொல்தான் வெளியே வர மறுக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சாமி பாட்டை வரி பிசகாமல் பாடுகிறார். மூளையில் பாட்டுக்கு வேறு வழியும் இருப்பதால் இப்படி நடக்கும் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். இப்போது “தண்ணி வேணும்” என்பதையும் ராகம் போட்டுத்தான் பழகுகிறோம். அவசரப்படுத்தாமல், ஆம் இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். அது போதும்.

தேவனாம்பட்டினத்து உறுப்பினர் ஒருவர் பந்தை அமுக்கும் பயிற்சியைச் செய்யவே மாட்டேன் என்றார். அவர் தம்பி ஒருநாள் கிழிந்த வலையைக் கொண்டுவந்து மடியில் போட்டார். முதலில் வலை பின்னும் ஊசியைப் பிடிக்கவே முடியவில்லை. துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தோம். ஒரு கண் போட அரைமணி நேரம் ஆகும், போட்டது அவிழும். எட்டு மாதத்துக்குப் பிறகு, போன மாதம் ஒரு சாண் அகலம் பின்னிக் காட்டினார். முடிச்சுகள் இறுக்கமாகவே இருந்தன. கை தனக்குப் பழகிய வேலைக்குத்தான் இறங்கி வருகிறது. தூக்கிவிடும்போது மட்டும் வலுவிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு இறங்கிவிடும்.

உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், கருவாடு ஊறுகாய் அப்பளம் எல்லாம் சேர்த்து. முதுநகர் உறுப்பினர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். பீடி சிகரெட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அறவே நிறுத்த வேண்டும்.

அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாளன்று சில்வர் பீச்சில் நடந்தோம். தீபாவளிக்கு இரண்டே நாள் இருந்ததால் கூட்டம் குறைவு. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

சங்கத்தின் பிரஷர் கருவிகளில் ஒன்று மஞ்சக்குப்பத்திலும் ஒன்று முதுநகரிலும் இருக்கும். படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவிமார்கள், மகள்கள் பலர் மாதக்கணக்கில் வாசலைத் தாண்டவில்லை. வாரம் ஒரு பகல், இரண்டு மணி நேரம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்ள முடிந்தவர்கள் இன்று போகும் முன் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகவும். நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்