பெரிய தலைப்பு வேண்டாம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாந்திநிகேதனில், தாகூரின் விசுவபாரதி பல்கலைக்கழகத்துச் சீனவியல் துறையான சீன பவனத்தில் முதன்முறையாகக் கட்டுரை வாசிக்கப் போகிறாய் என்ற செய்தியை அம்மா தெரு முழுவதும் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். தலைப்பைப் படித்தபோதுதான் முகம் சுளித்தது. 'ஈராயிரம் ஆண்டு இந்திய–சீன நட்புறவு' என்று வைத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் என்ன சொல்லிவிட முடியும்? பாஹியான் வந்தார், யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார், போதிதர்மர் போனார், கைதட்டல், தேநீர். இதைச் சொல்வதற்குச் சீன மொழி கற்க வேண்டியதே இல்லை. நம் தெருமுனைக் கூட்டத்தில் பேசுகிறவரே உன்னைவிட நன்றாகப் பேசுவார்.

நட்பைப் பற்றிய மேடைப் பேச்சுகளுக்கு என்ன கதி நேர்ந்தது என்று பார்க்க நீ வெளியே எங்கும் போக வேண்டாம். 1924-இல் தாகூர் சீனாவுக்குப் போனார். அறிஞர் லியாங் சிச்சாவ் போன்ற பெரியவர்கள் மரியாதையுடன் வரவேற்றார்கள். அவர் ஆசியாவின் ஆன்மிகத்தைப் பற்றிப் பேசப் பேச, இளைஞர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் துண்டறிக்கைகளை விநியோகித்தார்கள். பழைமையின் சுமையை உதறத் துடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்ப் பழைமையைப் புகழ்ந்தால் வேறென்ன நடக்கும்? பிறகு 1937 ஏப்ரல் 14 அன்று சீன பவனம் திறக்கப்பட்டது. நேருவால் வர முடியாததால் அவருக்குப் பதிலாக மகள் இந்திரா வந்தார். 1957-இல் சீனப் பிரதமர் சூ என்லாய் வந்தபோது விசுவபாரதி அவருக்குத் தன் உயரிய கௌரவமான தேசிகோத்தம பட்டத்தை வழங்கியது. அதற்கு ஐந்தே ஆண்டுகளில் எல்லையில் போர். இங்கேயே பிறந்து வளர்ந்த சீனக் குடும்பங்களைக்கூட அரசு ராஜஸ்தானத்தின் தேவ்லி முகாமில் கொண்டுபோய் அடைத்தது. அத்தனை மேடைகளில் பேசிய நட்பில் ஒரு சொல்லும் அவர்களுக்கு உதவவில்லை.

எஞ்சியது உன் பவனத்து நூலகம். பேராசிரியர் தான் யுன்-ஷான் 1927-இல் சிங்கப்பூரில் தாகூரைச் சந்தித்து, மறு ஆண்டு சாந்திநிகேதன் வந்து சேர்ந்தவர். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களுக்குச் சீனம் கற்பித்தார். தாமே சமஸ்கிருதம் படித்தார். சீனாவுக்குத் திரும்பிப் போய், பவனத்துக்காகப் பணமும் நூல்களும் திரட்டினார். 1962-க்குப் பிறகும் இந்தியாவை விட்டுப் போகவில்லை. 1983-இல் புத்தகயாவில் காலமானார். கேட்க வருகிறவர்கள் பத்துப் பேர்கூட இல்லை என்று நீ எழுதியிருக்கிறாயே, அவருடைய முதல் வகுப்பை நினைத்துக்கொள். தாகூரின் பேச்சு இல்லையென்றால் அவர் வந்திருப்பாரா என்று என்னை மடக்குவாய். வந்திருக்கமாட்டார்தான். பேச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த ஒருவராக நீ இரு.

என்ன படிப்பது? கேள். 1025-இல் ராஜேந்திர சோழன், சுமத்திராவை மையமாகக் கொண்ட கடல் வணிகப் பேரரசான ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தது நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தப் பேரரசின் கடாரத்தை, இன்றைய மலேசியாவின் கெடாவை, வென்றதால் 'கடாரம் கொண்டான்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆனால் 1106-இல் சீனாவை ஆண்ட சோங் மரபின் அரசவையில் நடந்ததைப் பார். பர்மாவின் பாகான் அரசிலிருந்து தூதர்கள் வந்தார்கள். சோழர்களின் தூதர்களுக்குச் செய்த அதே மரியாதையை இவர்களுக்கும் செய்யலாம் என்று பேரரசர் ஆணையிட்டார். சடங்குகளைக் கவனிக்கும் துறையினர் மறுத்தார்கள்: சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, பாகான் பெரிய அரசு, இரண்டையும் சமமாக வைக்கக் கூடாது என்று. படையெடுத்து எண்பது ஆண்டுகள் ஆன பிறகும் சீன அரசின் ஏட்டில் நாம் ஸ்ரீவிஜயத்துக்குக் கீழே!

எப்படி இப்படிப் பதிவானது? இங்கேதான் நீ வேண்டும். 1077-இல் சோழ நாட்டிலிருந்து போன தூதுக்குழுவில் 72 பேர். அவர்களை அனுப்பிய அரசனைச் சீனக் குறிப்பு திஹுவாஜியாலுவோ என்கிறது. தென்சீனத் துறைமுகமான குவாங்சோவில் உள்ள தாவோ மதக் கோயிலின் 1079-ஆம் ஆண்டுக் கல்வெட்டோ அதே பெயரை ஸ்ரீவிஜயத்தின் தலைவனுக்குக் கொடுக்கிறது. அது முதலாம் குலோத்துங்கன்தான் என்று சிலர் எழுதினார்கள். இல்லை, ஸ்ரீவிஜயத்துக்காரன் ஒருவன் சோழர் பெயரையும் தன் வணிகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டான் என்று வேறு சிலர். எனக்கு இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்வு உண்டு. ஆனால் சீனம் தெரியாத என் சாய்வுக்கு என்ன மதிப்பு? எழுத்தெழுத்தாக மூலத்தைப் படித்து நீ சொல்லும்வரை நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

என் பக்கத்துச் சான்று ஒன்று தருகிறேன். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் அப்பெயர் பெற்ற சிறிய லெய்டன் செப்பேடு, குலோத்துங்கனின் இருபதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏறத்தாழ 1090. கடாரத்து அரசனின், அதாவது ஸ்ரீவிஜய அரசனின், தூதர்கள் விண்ணப்பிக்க, நாகப்பட்டினத்துப் புத்த விகாரங்களுக்குத் தானமாக விடப்பட்ட பள்ளிச்சந்த ஊர்களுக்குக் குலோத்துங்கன் வரிச் சலுகை கொடுக்கிறான். கொடுக்கும் இடத்தில் சோழன், கேட்கும் இடத்தில் கடாரம். பதினாறு ஆண்டு கழித்துச் சீனத்தில் படம் தலைகீழ். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேசு. யாருடைய மனமும் புண்படுமே என்று தயங்காதே. இங்கே நம்மவர் முன்னால் இதைச் சொன்னால் 'சீனன் பொய் எழுதினான்' என்று ஒருவர் எழுந்து நிற்பார். பொய்யாகவே இருக்கட்டும், அந்தப் பொய் யாருக்கு லாபம் என்று கேள். ஆராய்ச்சி அங்கே தொடங்கும்.

வேலை செய்யும் முறை உனக்குத் தெரிந்ததுதான். கல்வெட்டில் மை தடவித் தாளில் மைப்படி எடுக்கும்போது நீ சிறுமியாக என்னோடு கோயில் கோயிலாக அலைந்திருக்கிறாய். சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வைக்கிறோம், ஊகித்ததை அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். சீன மூலத்திலும் அதையே செய். பிறருடைய மொழிபெயர்ப்பை வைத்து எழுதிய வரி எது, நீயே படித்து எழுதிய வரி எது என்று கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டும். படக்காட்சி அதிகம் வேண்டாம். கருத்தரங்குக்கு மாலை, நினைவுப் பரிசு, சாப்பாட்டு ஏற்பாடு எல்லாம் உன் தலையில் கட்டியிருக்கிறார்களாமே. பாதியையாவது வேறு யாருக்காவது தள்ளிவிடு. வாசிக்கப் போகிறவள் பந்தியில் நிற்க வேண்டியதில்லை.

1106-ஆம் ஆண்டுப் பகுதியையும் குவாங்சோ கல்வெட்டையும் சீன எழுத்தில் படியெடுத்து, ஒவ்வொரு எழுத்தின் கீழும் ஒலிப்பையும் பொருளையும் தமிழில் எழுதி அனுப்பு. செப்பேட்டு வாசகத்தை நான் இந்த வாரமே அனுப்புகிறேன். புதிய தலைப்பு முடிவானதும் தெரிவி. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் மாற்றச் சொல்.

அன்புடன்,
அப்பா