இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பழைய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் கல்யாண ஊர்வலத்துக்கும் குடும்பப் பயணத்துக்கும் இன்றும் ஓடுகின்றன. சார்ஜ் ஏறவில்லை என்று இவற்றைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்ப்பவர்கள் பலர். வண்டி நிற்காமல் ஓடினால் சார்ஜிங் சரி, பேட்டரிதான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

இது டைனமோ காலத்துப் பழக்கம். இன்ஜின் சுற்றும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தரும் பழைய கருவி டைனமோ, அதன் இடத்துக்குப் பின்னால் வந்தது ஆல்டர்னேட்டர். அப்போதும் இதனால் தெரிந்தது ஏதோ கொஞ்சம் மின்சாரம் வருகிறது என்பது மட்டும்தான். வருவது 12.9 வோல்ட்டா, 15.5 வோல்ட்டா என்பதை ஓடும் இன்ஜின் சொல்லாது. முன்னது பேட்டரியை நிரப்பாது, பின்னது அதை வேகவைத்துவிடும். ஆல்டர்னேட்டர் வண்டியிலோ ஆபத்து பெரிது. கேபிளை எடுத்த கணத்தில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகளையும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் சுட்டுவிடும். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர் சோதனையிலேயே கெட்டுப்போகும்.

இதற்கு மாற்று, விலை குறைந்த ஒரு மல்டிமீட்டர். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4-க்குக் கீழே என்றால் முதலில் வெளிச் சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். காலி பேட்டரியோடு எடுக்கும் எந்த அளவும் குழப்பத்தான் செய்யும். பிறகு இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் வைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டபின் 13.3-க்குக் கீழே இறங்கக் கூடாது. வேகம் கூடக்கூட 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் அப்படி ஓடும் வண்டியின் பேட்டரித் தண்ணீர் சில வாரங்களிலேயே வற்றிவிடும்.

அளவு குறைவாக வந்தாலும் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு பேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் போகும். அடுத்து, இன்ஜின் ஓடி விளக்குகள் எரியும்போது, மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் உடம்பிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இன்ஜினையும் வண்டி உடம்பையும் பேட்டரியோடு இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. பழைய வண்டிகளில் இதுதான் அடிக்கடி வரும் குறை, சுரண்டித் துடைத்து இறுக்கினாலே தீரும். டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கையும் பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் தூண்டுதல் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலும், அதன் இடத்தில் எல்.இ.டி. மாட்டினாலும் ஆல்டர்னேட்டர் எழும்பாமல் கிடக்கலாம். பழைய அளவு பல்பையே போடுங்கள்.

டைனமோ வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஐட்லிங்கில் சிவப்பு விளக்கு மினுக்குவது டைனமோவின் இயல்பு, பழுதல்ல. சோதிக்க, டைனமோவில் மின்சாரம் வெளியேறும் D முனை, ஃபீல்டு காயிலுக்கான F முனை ஆகியவற்றின் ஒயர்களைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வையுங்கள். வேகத்தை மெல்லக் கூட்டினால் முள் தடுமாறாமல் விரைவாக ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தொட விடாதீர்கள், 1,000 சுற்றே போதும். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் காந்தப்புலம் தரும் ஃபீல்டு காயிலில் பழுது, 4, 5 வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் பழுது, ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ். பிரஷ் கால் அங்குலத்துக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியாலோ நைஸ் உப்புத்தாளாலோ துடைக்கலாம், எமரி தாள் கூடாது. ஆர்மேச்சர் தண்டைத் தாங்கும் பின்பக்க புஷ்ஷுக்கான சின்னத் துளையில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுவதைப் பலர் மறந்தே போகிறார்கள். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உரசி முழு டைனமோவும் வீணாகும்.

டைனமோ சரியாக இருந்தும் சார்ஜ் இல்லையென்றால்தான், டைனமோவை பேட்டரியோடு இணைத்தும் பிரித்தும் விடும் தானியங்கி ஸ்விட்சான கட்-அவுட் பெட்டியைத் திறக்க வேண்டும். கட்-அவுட் 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் மூட வேண்டும். அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் இன்ஜினை நிறுத்திய பின்னும் பேட்டரியிலிருந்து டைனமோவுக்கு மின்சாரம் திரும்பிப் பாய்ந்து ஒயரே எரியும். அப்போது மட்டும் பேட்டரி கேபிளை உடனே கழற்றுங்கள், இன்ஜின் நின்ற பிறகு.

வண்டிக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து டைனமோவில் பல 22 ஆம்பியர் மட்டுமே தருபவை. 100 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு போட்டால் ஹைபீமுக்கு மட்டும் 16 ஆம்பியருக்கு மேல் போய்விடும். இக்னிஷன், பின்விளக்கு, ஸ்டீரியோ எல்லாம் சேர்ந்தால் டைனமோ சூடாகி, கம்யூட்டேட்டரின் ஈயப்பற்று உருகித் தெறிக்கும். பிறகு எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை. ஆல்டர்னேட்டருக்கு மாறுவதாக இருந்தால் பேட்டரிக்குப் போகும் ஒயரையும் தடிமனாக்குங்கள், பழைய அம்மீட்டர் அந்த மின்சாரத்தைத் தாங்குமா என்றும் பாருங்கள். பழைய மாரிஸ் மைனர் போன்ற, பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டிகளில் எர்த் மாற்றாமல் சாதாரண ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும்.

புது பேட்டரி வாங்கச் சொன்னால், நின்ற நிலையில், 1,500 சுற்றில், விளக்கு போட்டபின் என மூன்று வோல்ட் அளவுகளையும் பில்லில் எழுதித் தரும்படி பட்டறையில் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்பழுது நீக்குபவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.