எட்டுக்கால் பட்டமும் நம்ம வீட்டுத் தார்சாவும்

அன்புள்ள ராசாவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம்ம தார்சாவில் ஒரு ஆக்டோபஸ் படுத்துக் கிடந்தது.

வற்றிக் கிடக்கிற நம்ம குளத்துக்குள் பட்டத் திருவிழா. ஊர்ப் பையன்கள் வரி பிரித்து, வெளியூரிலிருந்து ஒரு குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்ததை டிவியில் காட்டினார்களே, அந்த மாதிரிப் பெரிய பட்டங்கள். ஆனியில் பணகுடிக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும் என்று நினைத்தேன். அவர்களோ அதற்குத்தான் பயந்தார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் சீராக அடிக்க வேண்டுமாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள்ளிருந்து வருவது வெயில் ஏற ஏறக் குத்திக்குத்தி வரும். அதனால் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள்.

நீ ஈர்க்குச்சி வளைத்து, சோற்றுப் பசையில் பேப்பர் ஒட்டுவாயே, அதெல்லாம் இதில் கிடையாது. குச்சியே இல்லை. வெறும் துணிப்பை. முன்னால் வாய் திறந்திருக்கிறது. காற்று உள்ளே புகுந்து உப்பினால்தான் அதற்கு உருவம். இந்த மாதிரிப் பட்டத்துக்கு நியூஸிலாந்தில் பீட்டர் லின் என்பவர் பேர்போனவராம். முதலில் ஒரு சின்னப் பட்டத்தை மேலே ஏற்றி நிறுத்துகிறார்கள். அந்தக் கயிற்றில்தான் ஆக்டோபஸ் உருவப் பெரிய பட்டத்தின் தலையை மாட்டித் தூக்குவது. கயிற்றைக் கட்டியது எதில் தெரியுமா? டிராக்டரின் பின் கொக்கியில்!

உங்க அப்பா சும்மா இருப்பாரா? "நான் பிடிக்கேன், விடுங்கடே" என்று வெறுங்கையால் பிடித்தார். கயிறு ஒரு முழம்தான் உருவியது. உள்ளங்கையில் கோடு போட்ட மாதிரி தோல் போய்விட்டது. இரண்டு நாள் ஸ்பூனில்தான் சாப்பாடு. இப்போது ஆறிவிட்டது, அதைப் பற்றிக் கேட்டு அவரைச் சீண்டாதே.

பத்தரை மணிக்குக் காற்று முறுக்கியது. இறக்கிவிடலாம் என்றார்கள். இழுத்து இறக்குவதில்லை, உறை போட்ட கையால் கயிற்றை அமுக்கிக்கொண்டே ஒருவர் பட்டத்தை நோக்கி நடக்கிறார். பாதி இறங்கும்போது ஆக்டோபஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கரையோரத்து உடைமரத்தில் ஒரு கால் மாட்டிக்கொண்டது. தையலோரமாகக் கிழிசல். அவர்களிடம் ஒட்டுகிற டேப் இருந்தது, ஆனால் இழுபடுகிற இடத்தில் டேப் நிற்காது. "பக்கத்தில் டெய்லர் யாராவது..." என்று கேட்டதும், பையன்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சுருட்டிக்கொண்டு வந்து தார்சாவில் போட்டார்கள். நிறைய துணி தைத்திருக்கிறேன், இப்படி ஒன்றைத் தொட்டதில்லை. கொசுவலை கனம்கூட இல்லாத நைலான். ஊடே கட்டங்கட்டமாகக் கெட்டி இழை ஓடுகிறது. கிழிசல் அந்த இழைக்கு வந்ததும் நின்றுபோகிறது. ரிப்ஸ்டாப் என்றார்கள். உஷா மிஷினில் கிடந்த 16-ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு 11 போட்டேன், ஓட்டை பெரிதானால் காற்று ஒழுகுமே. துணி வழுக்கிக்கொண்டே ஓடியது. அடியில் பழைய தினத்தந்தியைக் கொடுத்துச் சேர்த்துத் தைத்து, அப்புறம் பேப்பரைக் கிழித்து எடுத்துவிட்டேன். மடக்குத் தையல், இரண்டு ஓட்டு. ஜாக்கெட்டுக்கு இவ்வளவு பார்த்துத் தைத்ததில்லை. அளவு ஜாக்கெட் கொடுத்திருந்த எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "நம்ம துணி என்னைக்குத்தான் கிடைக்கும்?" என்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

காசு கொடுக்க வந்தார்கள், வாங்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல் காற்று தணிந்தது. மறுபடி ஏற்றினார்கள். சனம் எல்லாம் அந்தப் பெரிய கண்ணைப் பார்த்துக் கை தட்டியது. நான் இடப்பக்கம் மூன்றாவது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றக் கால்களைப் போலவேதான் அதுவும் ஆடியது, ஒரு சுருக்கம் இல்லை.

கீழத்தெருப் பையன் அடுத்த வாரம் மஸ்கட் வருகிறான். உடன்குடிக் கருப்பட்டியும் முறுக்கும் கொடுத்துவிடுகிறேன். அதோடு ஒரு நீலத் துணித் துண்டு இருக்கும். அவர்களிடம் கேட்டு வாங்கிய வெட்டுத்துண்டு. உன்னால் கிழிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்.

அம்மா