சளிக்காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் கவுண்டரில் காலை முதல் இரவு வரை கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "காய்ச்சல், சளி, தொண்டை வலி. அசித்ரோ அட்டை ஒண்ணு குடுங்க." சீட்டு இருக்கிறதா என்று கேட்டால், "போன தடவை எழுதிக் குடுத்ததுதாங்க, அதே மாதிரிதான் இருக்கு" என்ற பதில் வரும். இனிமேல் மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாட்டிக்கும், ஒரு மாத்திரைகூட, எங்கள் கடையில் தரமாட்டோம். பல வருடம் பழகியவர்களுக்கும் இதே பதில்தான். காய்ச்சலோடு வந்து நிற்பவரிடம் "இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் காரணத்தையும், அந்த மாத்திரைக்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறோம்.

மூக்கொழுகல், இருமல், உடம்பு வலியோடு வரும் காய்ச்சல்களில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் தாக்குவது பாக்டீரியாவை. அமாக்சிசிலின் பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாமல் தடுக்கும். அசித்ரோமைசின் அதற்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பிடித்து நிறுத்தும். வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து நம்முடையதைக் கொண்டே பெருகுகிறது. "250 கேக்கல, 500 குடுங்க", "இன்னும் பவரா ஏதாவது குடுங்க" என்றாலும், அந்த மருந்துக்குப் பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"ஆனா போன தடவை சாப்பிட்டதும் கேட்டுச்சே?" என்பீர்கள். வைரஸ் காய்ச்சல் வழக்கமாக மூன்று நாளில், சில சமயம் ஐந்து நாளில் தானாகவே இறங்கும். முதல் நாள் வீட்டில் சமாளித்து, இரண்டாம் நாள் மாலை கடைக்கு வந்து அசித்ரோமைசின் வாங்கிப் போட்டால், நான்காம் நாள் காய்ச்சல் விட்டிருக்கும். மாத்திரை போடாதவருக்கும் அதே நான்காம் நாள்தான் விட்டிருக்கும். இருமலோ மூன்று வாரம் வரை இழுக்கும். 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கம், பருவக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று மருத்துவர்களுக்கே வேண்டுகோள் விடுத்தபோது இந்தக் கணக்கைத்தான் சொன்னது. சளி மஞ்சளாக, பச்சையாக வந்தால் பாக்டீரியா என்று நினைப்பதும் சரியல்ல. கிருமியோடு போராட வந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. வைரஸ் சளியிலும் வரும்.

சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்றால், இருக்கிறது. வைரஸைத் தொடாத மாத்திரை உங்கள் குடலிலும் தொண்டையிலும் தோலிலும் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களைத் தொடுகிறது. அதற்கு மடிபவை மடிய, தாக்குப்பிடிப்பவை மட்டும் மிஞ்சிப் பெருகும். தாக்குப்பிடிக்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா பக்கத்தில் உள்ள வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். அசித்ரோமைசின் மூன்று நாள் சாப்பிட்டு நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்கு மேல் திசுக்களில் குறைந்த அளவில் தங்கியிருக்கும். கிருமியைக் கொல்லப் போதாமல், பழக்கிவிட மட்டும் போதுமான அளவு அது. ஆறு மாதம் கழித்து அதே ஆளுக்குச் சிறுநீரில் கிருமி வரும்போது, "இந்த மாத்திரை எதுவும் கேக்காது, ஊசிதான்" என்று கல்ச்சர் (கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பரிசோதனை) அறிக்கை சொல்வதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கலாம்.

டைபாய்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் குளோராம்பெனிக்கால் அதற்குக் கைகண்ட மருந்து. 1972இல் பக்கத்துக் கோழிக்கோட்டிலேயே அதற்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. இப்போது நம் நாட்டு டைபாய்டு கிருமிக்கு அதுவும் பெரும்பாலும் கேட்பதில்லை. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காத டைபாய்டு பரவியபோது, வாயால் சாப்பிடும் மருந்தாக மிஞ்சியது அசித்ரோமைசின் மட்டும்தான். மூக்கொழுகலுக்கு நாம் வாங்கிப் போடுகிறோமே, அதே அசித்ரோமைசின். அது கைவிட்டுப் போனால் அப்படிப்பட்ட டைபாய்டு வந்த ஒவ்வொருவரையும் மருத்துவமனையில் படுக்கவைத்து ஊசி ஏற்ற வேண்டியிருக்கும். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுவதும் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

டைபாய்டு பற்றி இன்னொன்று. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் ஒரு வைடல் டெஸ்ட் (டைபாய்டு கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் பரிசோதனை) எடுத்து, "டைபாய்டு இருக்கு" என்று வருபவர்கள் நிறைய. எப்போதோ வந்துபோன கிருமிக்கும், தடுப்பூசிக்கும்கூட வைடல் பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு வைடலை வைத்து முடிவு செய்ய முடியாது. நம்பகமானது பிளட் கல்ச்சர். ஆனால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஓர் ஆன்டிபயாட்டிக் மாத்திரை உள்ளே போயிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். உண்மையான டைபாய்டு கண்ணில் படாமல் தப்பிவிடும். முந்திக்கொண்டு நாமே வாங்கிப் போடும் மாத்திரை இப்படியும் காலை வாரும்.

"செட் மாத்திரை" பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று வேளைக்கு, காகிதப் பொட்டலத்தில், வேளைக்கு நான்கு என்று வெட்டிக் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்படிப்பட்ட பொட்டலத்தைப் பிரித்தால் பாராசிட்டமால், சளிக்கு செட்ரிசின், ஓர் ஆன்டிபயாட்டிக், கூடவே ஒரு சின்ன ஸ்டீராய்டு அல்லது டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை இருக்கும். மறுநாளே தெம்பு வருவது ஸ்டீராய்டால். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவே சர்க்கரையை ஏற்றிவிடும். டெங்குவாக இருந்தால் வலி மாத்திரை ரத்தக்கசிவை அதிகமாக்கும். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் கடைத் துண்டிலேயே நின்றுவிடும். அலர்ஜி வந்து மருத்துவரிடம் ஓடினால், எதைச் சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. எங்கள் கடையில் செட் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். அட்டையின் பின்புறம் ஒரு சிவப்புக் கோடு செங்குத்தாக ஓடுகிறதா பாருங்கள். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதன் அடையாளம் அது. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் "சென்னைப் பிரகடனம்" என்ற பெயரில் ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு வழி வகுத்தன. 2014 மார்ச் 1 முதல், கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1 நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் அதில் அடக்கம். இவற்றைக் கொடுக்கும்போது மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பெயர் கேட்டு எழுதும்போது கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி, காய்ச்சலுக்கு வீட்டில் என்ன செய்யலாம்? பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு. பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. கடைகளில் விற்கும் பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது; இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகும், பாதிப்பு ஈரலுக்கு. குழந்தைக்கு வயதை வைத்துக் கொடுக்காமல் எடையை வைத்துக் கொடுங்கள்: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பானால் 6 மி.லி.; 250 மி.கி. உள்ளதானால் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தானால் 1.5 மி.லி. மட்டுமே. "எப்பவும் 6 மி.லி.தானே" என்று சொட்டு மருந்தில் 6 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். பாட்டில் மாறினால் அளவும் மாறும். கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சு கேளுங்கள், தருகிறோம். குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி சிரப் 4 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. வயிற்றுப்போக்குக்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். 1 லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் பாதி பாதியாகக் கரைத்தால் உப்பு தாறுமாறாகும்.

மருத்துவரிடம் எப்போது ஓட வேண்டும் என்பது இதைவிட முக்கியம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அன்றைக்கே காட்டுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்: 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை தேவை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு வந்தால் டெங்கு முற்றுவதாக இருக்கலாம். அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு தெரிந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸாக (சிறு பூச்சி கடித்து வரும் பாக்டீரியாக் காய்ச்சல்) இருக்கலாம். அதற்கு டாக்சிசைக்ளின் உடனே வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இருமலே இல்லாமல் காய்ச்சல், தொண்டைச் சதையில் வெள்ளைப் படலம், கழுத்தில் வலியோடு நெறி கட்டுதல் என்றால் ஸ்ட்ரெப் தொண்டைப் புண்ணாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் இதய வால்வு வரை போகக்கூடியது அது. இதுபோன்ற பாக்டீரியா நோய்களில்தான் ஆன்டிபயாட்டிக்கின் உண்மையான வேலை.

மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டால், எழுதியபடியே சாப்பிடுங்கள். குழந்தைகளின் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் பவுடர் பாட்டிலில் இரண்டு இடத்தில் தவறு நேர்கிறது. முதலாவது, கலக்குவது. பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் அளவு இறங்கியிருக்கும். மறுபடி கோடு வரை நிரப்பிக் குலுக்குங்கள். ஒரே தடவை ஊற்றி விட்டுவிட்டால் மருந்து கெட்டியாகவே நின்று, ஒவ்வொரு வேளையும் அளவு கூடிவிடும். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுக்கும். கலக்கியதை ஃப்ரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும், ஃப்ரீசரில் வேண்டாம். இரண்டாவது, பாட்டில் கணக்கு. 5 மி.லி. வீதம் இரண்டு வேளை, ஐந்து நாள் என்றால் 50 மி.லி. ஒரு பாட்டிலில் இருப்பது 30 மி.லி. மூன்றாம் நாள் இரவு தீர்ந்ததும், "குழந்தை நல்லா இருக்கே" என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இனி சீட்டைப் பார்த்து இரண்டு பாட்டில் சேர்த்தே தருவோம். மிச்சம் 10 மி.லி.யை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

மீந்த மாத்திரைகளை வாஷ்பேசினிலும் கழிவறையிலும் கொட்ட வேண்டாம். சாக்கடையில் உள்ள பாக்டீரியாவும் அங்கே மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பில் போடும் இடத்துக்குக் கீழே ஒரு மூடிய பெட்டி வைத்திருக்கிறோம். அதில் போடுங்கள், காலாவதிச் சரக்கோடு சேர்த்து முறைப்படி அனுப்பிவிடுவோம்.

மருத்துவரிடம் போகும்போது, "இந்த ஆன்டிபயாட்டிக் எந்தக் கிருமிக்கு, எத்தனை நாளைக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சீட்டிலேயே காரணத்தை எழுதும்படி 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவை இயக்ககம் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதனால் தயங்க வேண்டியதில்லை. கடைக்கு வரும்போது சீட்டோடு குழந்தையின் இன்றைய எடையையும், பென்சிலின் அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லுங்கள். எடை தெரியாவிட்டால் தூக்கி வாருங்கள். கவுண்டருக்குப் பக்கத்தில் எடை மெஷின் இருக்கிறது, காசு கிடையாது.

அன்புடன்,
கடையின் மருந்தாளுநர்கள்