கட்டணம் ஒரு பட்டத்துக்கு, சம்பளம் இன்னொரு பட்டத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாண்டுப் படிப்பு நடத்தும் அமெரிக்கக் கம்யூனிட்டி கல்லூரிகளில் குறைந்த செலவில் கணினி அறிவியல் படிக்கலாம் என்று உங்கள் கல்விச் சிறப்பிதழில் வந்த கட்டுரையைத் திருச்சியில் இருக்கும் என் தம்பி படம் எடுத்து அனுப்பி, "அக்கா, பாப்பாவை இதில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்குச் சொன்னது மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். நான் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் சிறு கடைகளுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதுகிறவள். என் மகன் இங்கே கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்கி, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் முடித்தவன்.

கட்டுரையில் ஒரு பக்கம் இரண்டாண்டுப் படிப்பின் கட்டணம், எதிர்ப்பக்கம் மென்பொருள் பொறியாளரின் சம்பளம். இரண்டும் தனித்தனியே சரி. ஒரே கணக்கில் எழுதினால் தவறு.

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் 2012 முதல் ஒரு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான். அசோசியேட் என்னும் இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட் என்றால் 2,760 டாலர். ஆனால் இது மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான கட்டணம். மாணவர் விசாவில் வரும் பிள்ளைக்குப் பல கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் ஆகிறது. ஆக, படிப்புக்கு மட்டும் 18,000 டாலரைத் தாண்டிவிடும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் தனி. சான் ஹோசே பகுதியில் வாடகை என்னவென்று உறவினர் யாரையாவது கேட்டுவிட்டு அந்த வரியை எழுதுங்கள்.

இனி வரவு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 கணக்குப்படி மென்பொருள் உருவாக்குநரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குவது) ஏறத்தாழ 1,33,000 டாலர். அந்த வேலைக்கு வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி நான்காண்டு இளநிலைப் பட்டம் என்று அதே துறைதான் சொல்கிறது. இரண்டாண்டுப் பட்டத்தோடு நிற்பவர் எளிதில் நுழையக்கூடிய இடம், பயனர்களின் கணினிக் கோளாறுகளைத் தீர்க்கும் உதவிப் பணி. அதன் இடைநிலைச் சம்பளம் சுமார் 60,000 டாலர். எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் 2024இல் அசோசியேட் பட்டதாரிக்கு வாரச் சம்பளம் 1,099 டாலர், இளநிலைப் பட்டதாரிக்கு 1,543 டாலர். ஆண்டுக்கு 23,000 டாலர் வித்தியாசம். நான்காண்டுப் பட்டம் வாங்கியவர்களுக்கே இப்போது முதல் வேலை கிடைப்பது சிரமமாக இருக்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியமான ஒன்றைக் கட்டுரை சொல்லவே இல்லை. அசோசியேட் பட்டம் முடித்தவருக்குப் படித்த துறையில் ஓராண்டு வேலை பார்க்க அனுமதி கிடைக்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு நீட்டிப்பு, இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ இருந்தால்தான். எச்-1பி வேலை விசாவுக்கும் இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். இதைச் சொல்லாமல் ஒரு தகப்பனிடம் கல்விக் கடன் வாங்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் இந்தக் கல்லூரிகள் வேண்டாமா? இங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு நான் அடித்துச் சொல்வேன்: தாராளமாகச் சேருங்கள். 'பெரிய பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் போகும் இடம்' என்று நம்மவர்கள் கோயிலிலும் விருந்திலும் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. என் மகனுக்குக் கால்குலஸ் நடத்திய ஆசிரியை, வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டியவர். அந்தக் கவனிப்பு நூற்றுக்கணக்கானவர்கள் நிறைந்த அரங்கில் கிடைக்காது.

ஆனால் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கு உழைப்பு வேண்டும். எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று 'அசிஸ்ட்' என்னும் மாநில இணையதளத்தில் பார்த்து, முதல் பருவத்திலேயே திட்டம் போட வேண்டும். ஒரு வளாகம் கேட்கும் பாடத்தை இன்னொரு வளாகம் கேட்காது. இயற்பியல் ஆய்வக வகுப்பு நிரம்பியிருந்ததால் என் மகன் காத்திருப்போர் பட்டியலில் இருந்தான். முதல் நாள் வகுப்பின் பின்சுவரோரம் நின்று, யாரோ ஒருவர் விலகிய பிறகு ஆசிரியரிடம் சேர்க்கை எண் வாங்கி உள்ளே போனான். அன்று இடம் கிடைக்காமல் போயிருந்தால் அடுத்த பாடம் தள்ளிப்போய், இரண்டாண்டு மூன்றாகியிருக்கும். விசாவில் வந்த பிள்ளைக்கு அந்த மூன்றாவது ஆண்டின் செலவு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல் பல்கலைக்கழகத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கேயும் கட்டணம் கூடுதல்தான்.

என் தம்பியிடம், பாப்பா ஊரிலேயே இளநிலைப் பட்டம் முடிக்கட்டும், மேற்படிப்புக்கு வேண்டுமானால் பிறகு யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, கட்டணத்துக்குப் பக்கத்தில் அது உள்ளூர் மாணவருக்கா வெளிநாட்டு மாணவருக்கா என்றும், சம்பளத்துக்குப் பக்கத்தில் அது எந்தப் பட்டத்துக்கு என்றும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சான் ஹோசே, கலிபோர்னியா